அவளுக்கு அழ ஓர் இடம் இருந்தது

கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஓர் இருசக்கர வாகன ஷோரூமில் சர்வீஸ் சூப்பர்வைசராக இருக்கிறேன். ஒரு நாள் மதியம் சாப்பிட்டுவிட்டுக் கை கழுவித் திரும்பியபோது, பையன்கள் என் காலைப் பார்த்துச் சிரித்தார்கள். இடது காலில் செருப்பு இல்லை. குழாயடியிலேயே கிடந்தது. அது கழன்றது எனக்குத் தெரியவில்லை.

நானும் சிரித்தேன். அதற்கு முந்தின வாரம் வயிற்றுப்போக்கு வந்து சரியாகியிருந்தது. உடம்பு பலவீனமாக இருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். அன்று மாலையே இரண்டு பாதங்களிலும் எறும்பு ஊர்வதுபோல் இருந்தது. மறுநாள் மாடிப்படியில் முழங்கால் மடங்கியது. அதற்கடுத்த நாள் சட்டைப் பொத்தானைப் போட முடியாமல் ஜெனியைக் கூப்பிட்டேன். ஜெனி என் மனைவி.

கடலூரில் பார்த்த டாக்டர் சின்னச் சுத்தியலால் முழங்காலைத் தட்டினார். கால் அசையவில்லை. மறுபடியும் தட்டினார்.

"நடந்தா வந்தீங்க?"

"ஆமா சார்."

"இனிமே நடக்க வேணாம். ஆம்புலன்ஸ் சொல்றேன். இன்னிக்கே சிதம்பரம் போயிடுங்க."

சிதம்பரத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் நோய்க்குப் பெயர் கிடைத்தது. கில்லன் பாரே சிண்ட்ரோம் (கிருமியை எதிர்க்க வேண்டிய உடம்பின் சக்தி, தவறிப்போய்த் தன் நரம்புகளின் மேலுறையையே தாக்குவது). அது காலில் தொடங்கி மேலே ஏறும். எதுவரை ஏறும் என்று யாராலும் முன்கூட்டிச் சொல்ல முடியாது. இதே நோய் வந்தவர்களுக்கும், அவர்கள் கட்டிலோரம் உட்கார்ந்திருப்பவர்களுக்கும் இதை எழுதுகிறேன். பெரும்பாலானவர்கள் எழுந்து நடக்கிறார்கள். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. எனக்கு யாராவது சொன்னபோதெல்லாம் நான் நம்பவில்லை என்பதையும் சேர்த்தே சொல்கிறேன்.

ஒரே மூச்சில் எண்ணச் சொல்லி டாக்டர் சோதித்தார். காலையில் எட்டிய எண்ணை மாலையில் எட்ட முடியவில்லை. மூச்சுத் தசைகளும் போய்க்கொண்டிருக்கின்றன என்றார். தொண்டைக்குள் குழாய் இறக்கி வெண்டிலேட்டரில் (நமக்காக மூச்சு விடும் இயந்திரம்) போட்டார்கள். பிறகு ட்ரக்கியாஸ்டமி (கழுத்தின் முன்பக்கம் துளையிட்டு மூச்சுக்குழாயில் நேராகக் குழாய் வைப்பது) செய்தார்கள். இம்யூனோகுளோபுலின் (பலருடைய ரத்தத்திலிருந்து பிரித்தெடுக்கும் எதிர்ப்புப் புரதம்) ரத்தக்குழாய் வழியே ஏறியது.

இந்த நோயில் அறிவு மங்குவதில்லை. எல்லாம் கேட்கும், எல்லாம் புரியும். கண்ணிமையைத் தவிர எதுவும் நம் பேச்சைக் கேட்காது. ஒரு நாள் இரண்டு சிஸ்டர்கள் என் கட்டிலருகே நின்று பேசிக்கொண்டிருந்தார்கள். ஒருவர் பேச்சை நிறுத்தாமலேயே மூக்கைச் சொறிந்துகொண்டார். அவ்வளவு சுலபமாக, அதைக் கவனிக்கக்கூடச் செய்யாமல். நான் அன்று முழுவதும் அந்த விரலையே நினைத்துக்கொண்டிருந்தேன். எனக்கு ஆத்திரமாக இருந்தது. என் நோய்க்காலத்தின் பெரும்பகுதி அந்த ஆத்திரத்தில்தான் போனது. அதைப் பொறாமை என்று கூப்பிட எனக்கு வெகுநாள் ஆயிற்று.

இயந்திரத்திலிருந்து மீண்டு வார்டுக்கு வந்தபோது குரல் கரகரப்பாகத் திரும்பியிருந்தது. கைகள் அரைகுறையாக அசைந்தன. இடுப்புக்குக் கீழே ஒன்றுமில்லை. பக்கத்துக் கட்டிலுக்கு பஷீர் பாய் வந்தார். பரங்கிப்பேட்டையில் துணிக்கடை வைத்திருப்பவர், என்னைவிடப் பத்துப் பதினைந்து வயது மூத்தவர். எனக்கு வந்த அதே நோய். ஆனால் அவருக்கு அது மார்புக்கு ஏறவில்லை. எனக்குப் பின்னால் வந்து எனக்கு முன்னால் எழுந்து உட்கார்ந்தார்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்ததும் அவருடைய ஜமாத்துக்காரர்கள் வருவார்கள். ஒருவர் பேரீச்சம்பழம் கொண்டுவருவார், ஒருவர் கடைக் கணக்கைப் பற்றிக் கிண்டல் செய்வார், இன்னொருவர் பேசிக்கொண்டே பாயின் காலைப் பிடித்துவிடுவார். அவர்கள் முன்னால் பாய் அழுவார். எந்த வெட்கமும் இல்லாமல், மூக்கைச் சிந்தி, அழுது முடித்து, அடுத்த நிமிஷம் சிரிப்பார்.

எனக்கும் ஆட்கள் இருந்தார்கள். ஷோரூமிலிருந்து வர ஆசைப்பட்டார்கள். மேல்பட்டாம்பாக்கத்திலிருந்து ஜெனியின் அண்ணன், என் மச்சான், வாராவாரம் வர்றேன் என்றார். நான்தான் எல்லோரையும் வர வேண்டாம் என்று ஜெனியைச் சொல்லச் சொன்னேன். யாரோ ஒருவர் ஸ்பூனால் ஊட்ட, வாயோரம் கஞ்சி வழிய, அவர்கள் என்னைப் பார்ப்பதை நான் விரும்பவில்லை. என் மகள் கயல் மச்சான் வீட்டிலிருந்து பள்ளிக்கூடம் போனாள். அவளுக்கு அவர் சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொடுத்த வீடியோ வந்தது. அவர் பின்னால் ஓடிக்கொண்டே சீட்டைப் பிடித்திருந்தார். நான் அந்த வீடியோவை முழுதாகப் பார்க்கவில்லை.

அந்த வார்டுக்கு வாரம் ஒருமுறை ரூபி அக்கா வருவார். ஆஸ்பத்திரிக்கு அருகில் உள்ள ஒரு சிறிய சர்ச்சைச் சேர்ந்தவர். ஊருக்குள் தையல் கடை நடத்துகிறார். கூட இரண்டு மூன்று பெண்கள் இருப்பார்கள். கட்டில் கட்டிலாக நின்று, ஜெபம் பண்ணலாமா என்று கேட்டுவிட்டுத்தான் பண்ணுவார்கள்.

என்னிடம் கேட்டபோது, "வேணாங்க" என்றேன்.

"சரிங்க தம்பி" என்று சொல்லிவிட்டு அவர் நகர்ந்திருக்கலாம். நகரவில்லை. கட்டிலின் மறுபக்கம் நின்ற ஜெனியைப் பார்த்தார்.

"நீ சாப்டியாம்மா?"

அவ்வளவுதான் கேட்டார். ஜெனி உடைந்து அழுதாள். அத்தனை வாரங்களில் அவள் என் முன்னால் ஒரு சொட்டுக் கண்ணீர் விட்டதில்லை. ரூபி அக்கா அவளைத் தோளில் சாய்த்துக்கொண்டு வராந்தாவுக்குப் போனார். நான் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தேன்.

நாங்கள் காதலித்து மணந்தவர்கள். எங்கள் வீடு பெண்ணாடம் பக்கம், கரும்பு விவசாயம், சாமி கும்பிடுகிற குடும்பம். ஜெனி கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்தவள். கல்யாணத்துக்குப் பின் அவள் சர்ச்சுக்குப் போவது குறைந்து, கிறிஸ்துமஸுக்கு மட்டும் என்றாகி, அதுவும் சில வருடங்களில் இல்லாமல் போனது. நான் தடுத்ததில்லை. போகிறாயா என்று கேட்டதுமில்லை.

இப்போது புதன்கிழமை மதியங்களில் அவள் போகத் தொடங்கினாள். அந்த சர்ச்சின் பின்னால் ஒரு சின்ன ஹால். நோயாளிகளோடு தங்கியிருக்கும் பெண்கள் அங்கே கூடிப் பேசுவார்கள், ஜெபிப்பார்கள் என்றாள். திரும்பி வரும்போது முகம் கழுவியிருப்பாள். தோள்கள் இறங்கியிருக்கும். என் காலைத் தேய்த்துவிடும்போது மெல்ல எதையோ முணுமுணுத்துப் பாடுவாள். எங்கள் கல்யாணமான இத்தனை வருடங்களில் நான் கேட்டிராத ராகம்.

எனக்கு அது பொறுக்கவில்லை. என்னால் கொடுக்க முடியாத ஒன்றை யாரோ முன்பின் தெரியாதவர்கள் ஒரு மதியத்தில் கொடுத்து அனுப்புகிறார்கள். வேறோர் ஆணாக இருந்தால் என் கோபத்துக்கு ஒரு பெயராவது இருந்திருக்கும். பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து பேசும் நாலைந்து பெண்கள் மேல் எப்படிச் சந்தேகப்படுவது?

ஒரு நாள் அந்தப் பெண்களில் ஒருவர் என் கட்டிலைக் கடந்தபோது நின்று, "கவலப்படாதீங்க தம்பி, உங்க பொண்ணு உங்கள மறந்துடாது" என்றார். அவர் அன்பாகத்தான் சொன்னார். கயல் என்னை மறந்துவிடுவாளோ என்ற பயத்தை நான் ஜெனியிடம் மட்டும், அதுவும் ஒரே ஒருமுறை, சொல்லியிருந்தேன்.

ஜெனி கேன்டீனிலிருந்து வரும்வரை காத்திருந்தேன்.

"அங்க என்னப் பத்தி என்னா சொல்ற?"

"உங்களப் பத்தியா? என்னப் பத்திதான் மாமா சொல்றேன். அவுங்க அதத்தான் கேக்குறாங்க."

"மதம் மாத்தப் பாக்குறாங்களா?" பெண்ணாடத்திலிருந்து என் அண்ணன் போனில் கேட்ட கேள்வி அது. கைக்குக் கிடைத்த கல்லாக எடுத்து வீசினேன்.

"நான் பொறந்ததே அதுலதான். என்னா மாத்துறாங்க?"

"எங்கிட்ட சொல்ல முடியாதது அவுங்ககிட்ட சொல்ல என்னா இருக்கு?"

அவள் துண்டை மடித்தாள். மடித்ததைப் பிரித்து மறுபடியும் மடித்தாள்.

"சொன்னா தாங்குவீங்களா?"

"சொல்லு."

"நீங்க ஐசியூவுல இருந்தப்ப, இதோட முடிஞ்சிட்டா தேவலன்னு ஒரு நாள் நெனச்சேன் மாமா. உங்களுக்குத் தேவலன்னு இல்ல. எனக்கு. எனக்குப் படுத்துத் தூங்கணும் போல இருந்துது. இத உங்ககிட்ட எப்புடி சொல்றது? எங்க அண்ணன்கிட்ட எப்புடி சொல்றது? அங்க சொன்னேன். ஒருத்தரும் என்னத் திட்டல. ரூபி அக்கா டீ வாங்கிக் குடுத்தாங்க."

என் சாவை அவள் நினைத்துப் பார்த்தது எனக்கு வலித்திருக்க வேண்டும். உண்மையில் வலித்தது வேறு. இவ்வளவு மோசமான ஒன்றை வாய்விட்டுச் சொல்ல அவளுக்கு ஓர் இடம் இருந்தது. சொன்ன பிறகும் அவர்கள் அவளுக்கு டீ வாங்கிக் கொடுத்தார்கள். எனக்குள்ளும் மோசமானவை நிறைய இருந்தன. அவற்றைக் கொண்டுபோய் வைக்க ஒரு மூலைகூட இல்லை.

அதற்குச் சில நாள் முன்னால்தான் பஷீர் பாய் டிஸ்சார்ஜ் ஆகியிருந்தார். வாக்கரைத் தள்ளிக்கொண்டு, தன் சொந்தக் கால்களில் நின்று, என் கட்டிலருகே விடைபெற வந்தார். "தம்பி, தூங்குறியா?" என்றார். நான் கண்ணைத் திறக்கவில்லை. வாக்கரின் ரப்பர் கால்கள் தரையில் தேயும் சத்தம் வாசல்வரை போனதைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

எனக்கும் மெல்ல மாறியது. பிசியோதெரபி அறையில் என்னை ஒரு சாய்பலகையில் பெல்ட் போட்டுக் கட்டி, கொஞ்சம் கொஞ்சமாக நிமிர்த்தினார்கள். தலை சுற்றியது. உலகத்தை மறுபடியும் என் உயரத்திலிருந்து பார்த்தேன். சக்கர நாற்காலியில் உட்கார முடிந்தது. இனி எவ்வளவு நாளாகும் என்று டாக்டரிடம் கேட்டேன்.

"நரம்போட மேலுறை திரும்ப வளரணும். நகம் வளர்ற மாதிரின்னு வச்சுக்குங்க. பாத்துக்கிட்டே இருந்தா வளர்றது தெரியாது" என்றார்.

அந்த நாட்களில் ஒரு காலையில் வார்டுக்குள் ஒரு ஸ்ட்ரெச்சர் வந்தது. படுத்திருந்தவர் பஷீர் பாய். வீட்டில் நன்றாக நடந்துகொண்டிருந்தவருக்குக் கால் மறுபடியும் துவண்டு, இம்முறை கைகளும் விழுந்திருந்தன. முகத்தின் ஒரு பக்கம் இறங்கியிருந்தது.

அவரைப் பார்த்ததும் எனக்கு முதலில் வந்தது வருத்தம் இல்லை. நெஞ்சுக்குள் குளிர்ச்சியாக ஒன்று பரவியது. வெயிலில் நின்றவன் நிழலுக்கு வந்ததுபோல. அது ஒரு கணம்தான். அடுத்த கணம் நான் எப்படிப்பட்ட ஆள் என்று பயந்துபோனேன்.

"சிலருக்கு இப்புடி ஆகும். தேறி வந்து திரும்ப விழும். இன்னொரு தடவ மருந்து குடுத்தா பெரும்பாலும் சரியாயிடும்" என்று டாக்டர் பாயின் மகனிடம் சொன்னார். நான் சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். இரண்டு நாட்கள் பாயின் பக்கமே பார்க்கவில்லை. ஒரே நோய், ஒரே வார்டு, ஒரு கை நீட்டினால் தொட்டுவிடும் தூரம்.

புதன்கிழமை ஜெனி கிளம்பியபோது, "என்னையும் கூட்டிட்டுப் போ" என்றேன்.

அவள் என்னை ஒரு தரம் பார்த்தாள். "அங்க சண்ட போட மாட்டீங்களே?"

"மாட்டேன்."

உண்மையில், அங்கே அவளுக்கு என்ன கிடைக்கிறது என்று பார்க்கத்தான் போனேன். பக்தியால் இல்லை. டாக்டரிடம் அனுமதி கேட்டு, சக்கர நாற்காலியில் ஜெனி தள்ளிக்கொண்டு போனாள். நான் எதிர்பார்த்ததுபோல் ஹாலில் ஒன்றும் இல்லை. ஒரு பழைய மேசை மின்விசிறி, வட்டமாகப் போட்ட பிளாஸ்டிக் நாற்காலிகள், சுவரில் ஒரு சிலுவை, மூலையில் டீ பிளாஸ்க். நான் ஒருவன்தான் ஆண். என்னைக் கண்டதும் பேச்சு கொஞ்சம் தயங்கிப் பிறகு தொடர்ந்தது.

ஒரு பெண்ணின் கணவருக்குப் பக்கவாதம். அந்தப் பெண் திட்டக்குடியிலிருந்து வந்து மாதக்கணக்காகத் தங்கியிருக்கிறார். பேர் வசந்தி. நெற்றியில் குங்குமம் இருந்தது. அவர் அங்கே வருவதை யாரும் விசேஷமாக நினைத்ததாகத் தெரியவில்லை. ஒவ்வொருவராகப் பேசினார்கள். யாரும் யாருக்கும் வழி சொல்லவில்லை. கேட்டார்கள், அவ்வளவுதான். என் முறை வந்தபோது, "தம்பி, நீங்க பேசணும்னு இல்ல" என்றார் ரூபி அக்கா.

பேசாமல் இருக்கத்தான் தீர்மானித்திருந்தேன். ஆனால் பேசினேன்.

"எனக்கு எல்லார் மேலயும் பொறாமையா இருக்கு. நீங்க நடந்து வர்றீங்க, அது மேல. ஜெனி இங்க வந்து அழுவுறா, அது மேல. எம் பக்கத்துக் கட்டிலுக்காரர் நல்லாயி வீட்டுக்குப் போனாரு. ரெண்டு நாள் முன்னாடி திரும்ப விழுந்து வந்துட்டாரு. அவரப் பாத்ததும் எனக்கு சந்தோஷமா இருந்துது. நெஜமாவே சந்தோஷமா இருந்துது."

மின்விசிறி ஒரு பக்கம் திரும்பி மறுபக்கம் வந்தது. ஜெனியின் கை என் நாற்காலியின் கைப்பிடியில் இருந்தது. அது நகரவில்லை.

வசந்திதான் முதலில் பேசினார். "வார்டுலேர்ந்து யாராவது மூட்ட கட்டிக்கிட்டு வீட்டுக்குப் போனா எனக்கு வயிறு எரியுதுண்ணா. போயிட்டு வாங்கன்னு வாய் சொல்லுது. நாசமாப் போங்கன்னு உள்ள சொல்லுது. உங்க வீட்டுக்காரம்மா மேலகூட எனக்கு ஜாஸ்தி பொறாம. அவுங்க ஊட்டுக்காரரு பேசுறாரு. எங்க ஊட்டுக்காரரு என்னப் பேர் சொல்லிக் கூப்ட்டு எவ்ளோ நாளாச்சு."

யாரோ சிரித்தார்கள். பிறகு எல்லோருமே, வசந்தி உட்பட, கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார்கள். ரூபி அக்கா கண்ணை மூடி, "ஆண்டவரே, இவுங்க சொன்னத நீரும் கேட்டீரு, நாங்களும் கேட்டோம். ஆமென்" என்றார். நான் கேட்டதிலேயே சின்ன ஜெபம் அதுதான். பிறகு எனக்கு டீ வந்தது. கோப்பையைப் பிடிக்க என் கைக்கு வலு போதவில்லை. ஜெனி பிடித்துக்கொண்டாள். முன்பின் தெரியாதவர்கள் பார்க்க, வாயோரம் வழிய வழியக் குடித்தேன்.

வார்டுக்குத் திரும்பியதும் என்னைப் பாயின் கட்டிலருகே கொண்டுபோய் நிறுத்தச் சொன்னேன். அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். தூங்குவதுபோல் நடித்ததையும், ஸ்ட்ரெச்சரில் அவரைக் கண்டதும் வந்த சந்தோஷத்தையும். அவர் மகன் அப்போது மருந்து வாங்கப் போயிருந்தான்.

பாயின் இறங்கிய முகத்தில் என்ன ஓடுகிறது என்று தெரியவில்லை. பிறகு குழறலாகச் சொன்னார்: "நான் மொதல்ல வந்தன்னிக்கு நீ கழுத்துல ஓட்டையோட கெடந்த. உன்னப் பாத்து அல்ஹம்துலில்லாஹ்னு சொன்னேன் தம்பி. இறைவனுக்கு நன்றின்னு. எதுக்கு நன்றி? நான் நீயா இல்லைங்கறதுக்கு. இப்ப படுத்துக்கிட்டு அதத்தான் நெனச்சுக்கிட்டு இருக்கேன்."

அந்த வெள்ளிக்கிழமை ஜமாத்துக்காரர்கள் வந்தபோது பாய் என் பக்கம் கண்ணைக் காட்டினார். ஒருவர் நாற்காலியை இழுத்துப்போட்டு என் காலைப் பிடித்துவிட ஆரம்பித்தார். வேண்டாம் என்று சொல்ல வாய் வந்தது. சொல்லவில்லை. என்ன தொழில் செய்கிறார் என்று கேட்டேன். மீன்பிடி வலை விற்கிறார். அவர் மனைவிக்குச் சர்க்கரை ஜாஸ்தி. எனக்காக இறைவனிடம் துஆ கேட்பதாகச் சொன்னார். கேளுங்கள் என்றேன்.

இதையெல்லாம் படித்துவிட்டு, அவர்கள் ஜெபித்ததால் கால் வந்தது என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். கால் மருந்தாலும் பயிற்சியாலும் காலத்தாலும் வந்தது. நான் இன்றுவரை எந்தக் கடவுளையும் புதிதாகக் கும்பிடத் தொடங்கவில்லை. ஆனால் கட்டிலில் கிடப்பவர்களுக்கு ஒன்று சொல்வேன். உங்களைப் பார்த்துக்கொள்பவருக்கு உங்களுக்கு வெளியே ஓர் இடம் வேண்டும். கோயிலோ, சர்ச்சோ, பள்ளிவாசலோ, தெருமுனையில் ஒரு தோழியோ. அவர் அங்கே போவது உங்களை விட்டுப் போவது அல்ல. அப்படித் தோன்றும். எனக்குத் தோன்றியது. உங்களுக்கும் ஓர் இடம் வேண்டும். அதை உங்கள் வாயால் கேட்க வேண்டியிருக்கும்.

வீட்டுக்கு வந்தபின் ஷோரூம் பையன்களை வரச் சொன்னேன். முதல் தடவை அவர்கள் என்ன பேசுவது என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தார்கள். இரண்டாம் தடவை ஒருவன் என்னைக் கழிப்பறைக்குத் தாங்கிப் பிடித்துக் கூட்டிப்போனான். கணுக்காலுக்கு ஸ்பிளிண்ட் (பாதம் தொங்காமல் தாங்கும் பட்டை) போட்டு நடந்தேன். பிறகு அது இல்லாமல். இப்போது அரை நாள் வேலைக்குப் போகிறேன். மதியத்துக்கு மேல் உடம்பு திடீரென அணைந்துவிடும். அதனுடன் வாதாடிப் பயனில்லை. ஜெனி ஞாயிறுகளில் கடலூரில் ஒரு சர்ச்சுக்குப் போகிறாள். எல்லாவற்றையும் இன்னமும் என்னிடம் சொல்வதில்லை. அது எனக்கு இன்னமும் உறுத்துகிறது. சாப்பிட்டாயா என்று கேட்கக் கற்றுக்கொண்டிருக்கிறேன்.

போன மாதம் ஒரு மாலை பஷீர் பாய் மகனோடு கடலூர் வந்திருந்தார். தேவனாம்பட்டினம் கடற்கரைக்குப் போனோம். அவருக்கு இன்னும் இரண்டு பக்கமும் ஊன்றுகோல். ஜெனியும் கயலும் தூரத்தில் அலையில் ஓடிக்கொண்டிருந்தார்கள். நாங்கள் இருவரும் ஈர மணலில் வெறுங்காலோடு நின்றோம்.

அலை வந்து கணுக்காலை மூடியது. அது வந்ததைக் கண் முதலில் சொன்னது. குளிர்ச்சி பிறகு வந்தது, தூரத்து ஊரிலிருந்து யாரோ சொல்லி அனுப்பியதுபோல. இப்போதெல்லாம் எனக்கு எல்லாமே இப்படித்தான். நடப்பதற்கும் எனக்குத் தெரிவதற்கும் நடுவே ஒரு சின்ன இடைவெளி இருக்கிறது. முன்பு நான் அப்படி ஒன்று இருப்பதையே அறியாமல் ஓடிக்கொண்டிருந்தேன். இப்போது அதற்குள் நின்று காத்திருக்கப் பழகிவிட்டேன்.

"தண்ணி ஒனக்குத் தெரியுதா தம்பி?" என்று கேட்டார் பாய்.

"கொஞ்சம் லேட்டா. ஆனா தெரியுது பாய்."

அவர் தன் பாதங்களைக் குனிந்து பார்த்தார்.

"எனக்கு இன்னும் ஒண்ணும் தெரியல. ஒம் மேல பொறாமையா இருக்குடா" என்றார்.

அவர் முகத்தில் சிரிப்பு இருந்தது, ஒரு பக்கம் மட்டும். நான் ஊன்றுகோலோடு சேர்த்து அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். அடுத்த அலை வருவது தெரிந்தது. இருவரும் அசையாமல் நின்றோம்.